ஒரு டாலருக்கு இருபது ஏடுகள்

படிப்பகம் ஒன்றிலே பெரும் சச்சரவு. ஏடுகள் வாங்கப் பணம் சேர்ந்துவிட்டது. பணம் சேர்ப்பதிலே ஒற்றுமை இருந்தது, வாங்குவதிலேதான் பிளவு!

"வரலாறு வேண்டும், விஞ்ஞானம் வேண்டும், பொருளாதாரம் வேண்டும். கதை எதற்கு? கதை படிப்பவன் கனவு காண்பான்; கனவு காண்பவன் களத்துக்கு வரமாட்டான்" என்றார் ஒரு தோழர்.

"நாளெல்லாம் தறியிலே நின்றுவிட்டு வருபவரிடம் பொருளாதாரத்தை நீட்டிப் பாருங்கள். மூன்றாவது பக்கம் புரளுமுன் குறட்டை புறப்படும்! கதை இருந்தால்தான் ஆள் வருவார். ஆள் வந்தால்தான் அது படிப்பகம், இல்லாவிட்டால் வெறும் அலமாரி" என்றார் மற்றொருவர்.

இருவரும் நல்லவர்கள். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கத்தான் செய்தது. நம்மைத் தீர்ப்புக் கூறும்படி கேட்டார்கள். எவர் எதைப் படிக்கவேண்டும் என்று தீர்ப்புக் கூறும் வேலையைப் பல நூற்றாண்டுகளாகப் பலர் செய்து பார்த்துவிட்டார்கள். இன்னார் படிக்கலாம், இன்னார் காதால் கேட்பதும் குற்றம் என்றுகூட வகுத்து வைத்தார்கள். அந்த நாற்காலியிலே அமர நமக்கு விருப்பமில்லை. ஆகவே தீர்ப்புக்குப் பதிலாக ஒரு வரலாற்றைச் சொன்னோம். இதே வழக்கைப் புலவர்களிடமும் பேராசிரியர்களிடமும் விடாமல், கோடிக்கணக்கான சாதாரண மக்கள் முன்னாலேயே வைத்து விடை கேட்ட ஒருவரின் வரலாறு அது. அன்று வாய்மொழியாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

*

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1889ஆம் ஆண்டு பிறந்தவர் எமானுவல் ஜூலியஸ். ஒடெசா நகரிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். தந்தைக்குத் தொழில், புத்தகம் கட்டுவது. பிறர் எழுதியதைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டு அனுப்பும் கை. அந்த நூல்களை விலை கொடுத்து வாங்கும் வசதி அந்தக் கைக்கு இல்லை. நெய்பவன் கந்தையோடு நிற்கும் காட்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்லவே!

சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பு நீடிக்கவில்லை. ஆனால் படிக்கும் பசி இருந்தது. ஒரு குளிர் நாளிலே, பத்து சென்ட் கொடுத்துச் சிற்றேடு ஒன்றை வாங்கினான். ரெடிங் சிறையிலே அடைபட்டுக் கிடந்து வெளிவந்த ஆஸ்கர் ஒயில்டு, அங்கே தூக்கிலிடப்பட்ட கைதியொருவனைப் பற்றி எழுதிய நெடும்பாட்டு அது. வெட்டவெளியிலே இருக்கையொன்றில் அமர்ந்து, ஒரே மூச்சில் படித்து முடித்தான். கை விறைத்தது, மூக்கு ஒழுகியது, காது மரத்தது. ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை! படித்து முடித்தபின் எழுந்த எண்ணத்தைப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார். சட்டைப் பைக்குள் அடங்கும் இத்தகைய ஏடுகள், ஏழைக்கும் எட்டும் விலையில், ஆயிரக்கணக்கில் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்பதுதான் அந்த எண்ணம்.

இப்படிப்பட்ட எண்ணம் எத்தனையோ சிறுவர்களுக்கு எழுந்திருக்கும். குளிர் நீங்கியதும் எண்ணமும் நீங்கிவிடும். இவருக்கு நீங்கவில்லை. சோஷலிச ஏடுகளிலே எழுத்தாளராகப் பல நகரங்களில் பணியாற்றிவிட்டு, 1915இல் கான்சாஸ் மாநிலத்தின் ஜிரார்டு என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தார்.

சில ஆயிரம் மக்களே வாழ்ந்த ஊர். சுற்றிலும் வயல்களும் நிலக்கரிச் சுரங்கங்களும். அங்கேயிருந்து கிழமைதோறும் ஓர் ஏடு வெளிவந்து கொண்டிருந்தது. ஜே. ஏ. வேலண்டு என்பவர் 1895இல் தொடங்கிய ஏடு. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் நம் தோழர்களுக்குப் புன்னகை மலரும்: 'பகுத்தறிவுக்கு முறையீடு'! ஒரு காலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்ற ஏடு அது.

கதை எதற்கு என்று கேட்ட தோழருக்கு இங்கேயே ஒரு செய்தி உண்டு. அரசியல் ஏடாகிய அதிலேதான் 1905ஆம் ஆண்டு அப்டன் சிங்க்ளேர் எழுதிய 'காடு' என்னும் புதினம் தொடர்கதையாக வந்தது. சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களிலே ஏழு வாரம் சுற்றித் திரிந்து, அங்கே உழைப்பவர் படும் பாட்டைக் கண்டு எழுதப்பட்ட கதை. அடுத்த ஆண்டு நூலாக வந்தது, நாடே அதிர்ந்தது. 1906இலேயே இறைச்சியைச் சோதிக்கும் சட்டமும், உணவிலும் மருந்திலும் கலப்படத்தைத் தடுக்கும் சட்டமும் அமெரிக்கப் பேரவையில் நிறைவேறின. தொழிலாளியின் துயரைக் காட்டத்தான் சிங்க்ளேர் எழுதினார்; படித்தவர்களோ தங்கள் தட்டிலிருந்த இறைச்சியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. எனினும், பொருளாதாரக் கட்டுரைகள் தட்டித் தட்டித் திறக்காத கதவை ஒரு கதை திறந்ததை எவர் மறுக்க முடியும்?

*

ஜூலியஸ் 1916இல் மணம் புரிந்துகொண்டார். மணமகள் மார்செட் ஹால்டிமன்; அவ்வூரில் வங்கி நடத்திய குடும்பத்துப் பெண்; நடிகையாக இருந்தவர்; பின்னர் 1931இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்சின் உடன்பிறந்தாள் மகள். மணமானதும் பெண் தன் குடும்பப் பெயரைத் துறந்து கணவன் பெயரைத் தரிப்பது அந்நாட்டு வழக்கம். இவர்கள் அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. இருவர் பெயரையும் இணைத்து, இருவரும் 'ஹால்டிமன்-ஜூலியஸ்' ஆயினர். மனைவியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னாலே ஏற்றுக்கொண்ட அந்த ஆடவரைக் கண்டு ஊரார் என்ன பேசியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபின், சோஷலிச ஏடுகளுக்குக் கெட்ட காலம் பிறந்தது. 'முறையீடு' தளர்ந்தது. 1919இல் அந்த ஏட்டையும் அச்சகத்தையும் ஜூலியஸ் விலைக்கு வாங்கினார்; மனைவி வீட்டுப் பணம் கை கொடுத்தது. வாங்கியதும் முதல் வேலையாக, இரண்டு சிறு நூல்களை அச்சிட்டார். ஒன்று உமர் கய்யாமின் பாடல்கள். மற்றொன்று? ஆம், குளிரிலே படித்த அதே ஒயில்டின் பாட்டு!

பிறகு 'முறையீட்டின்' சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் பறந்தது. "ஐந்து டாலர் அனுப்புங்கள். ஐம்பது சிறு நூல்கள் அச்சாக அச்சாக உங்களுக்கு வந்து சேரும்" என்றார். ஐயாயிரம் பேர் அனுப்பினர். அச்சிடாத நூலுக்கு முன்பணம்! நூல்களைப் பார்க்காமலே பணம் தந்தவர்களிலே செல்வர் எத்தனை பேர் இருந்திருப்பர்? உழவரும், சுரங்கத் தொழிலாளரும், சிற்றூர் ஆசிரியருமே அந்த ஏட்டின் குடும்பம்.

தொடக்கத்தில் ஒரு நூலின் விலை 25 சென்ட். அச்சாகும் படிகள் பெருகப் பெருக விலை இறங்கிற்று. கடைசியில் 5 சென்டிலே வந்து நின்றது. பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. மூன்றரை அங்குல அகலம், ஐந்து அங்குல உயரம். பெரும்பாலும் 64 பக்கம். ஏறத்தாழ 15,000 சொற்கள். தடித்த நீலத் தாளிலே மேலட்டை. பல பெயர்கள் மாறி, 'நீலச் சிறுநூல்' என்ற பெயர் நிலைத்தது.

*

இனி நாம் சற்று நின்று பார்க்கவேண்டிய இடம். நூல்களை அவர் எப்படி விற்றார்?

புத்தகக் கடைகளை அவர் பெரிதாக நம்பவில்லை. ஐந்து சென்ட் நூலுக்கு எந்தக் கடைக்காரர் இடம் தருவார்? பத்திரிகைகளிலே முழுப் பக்க விளம்பரம் தந்தார். படம் இல்லை, பகட்டு இல்லை. பக்கம் முழுதும் பொடி எழுத்தில் நூல்களின் பெயர்கள், பெயருக்கு முன்னால் ஓர் எண். வேண்டிய எண்களைக் குறித்துப் பணத்தோடு அனுப்பினால், தபாலிலே நூல்கள் வரும். ஒரே ஒரு நிபந்தனை: குறைந்தது இருபது நூல்கள் கேட்கவேண்டும். இருபது நூல், ஒரு டாலர்.

இந்த நிபந்தனை கணக்குப் பார்த்து ஏற்பட்டதுதான். ஐந்து சென்ட் நூலைத் தனியே கட்டி அனுப்பினால் கட்டுக்கூலிக்கே காணாது. ஆனால், வணிகக் கணக்கிலே பிறந்த அந்த நிபந்தனை செய்த வேலை பெரிது! நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு நூல் மூன்று வேண்டும். ஒரு துப்பறியும் கதை, ஒரு நகைச்சுவைத் தொகுப்பு, கடிதம் எழுதுவது எப்படி என்று ஒரு கையேடு. மூன்றும் சரி, மீதி பதினேழு? பென்சிலைக் கையிலே வைத்துக்கொண்டு பட்டியலை மேலும் கீழும் பார்க்கிறார். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று; பெயர் கேட்ட பெயர், போகட்டும், வரட்டும். பரிணாமம் என்கிறார்களே, அது என்ன? பிளேட்டோ யார்? பிரெஞ்சுப் புரட்சி, மோப்பசானின் கதைகள், குழந்தை வளர்ப்பு, வானத்து விண்மீன்கள், இங்கர்சால் சொற்பொழிவு... இருபது நிறைந்துவிடுகிறது. மூன்றுக்காக வந்தவர் வீட்டுக்குப் பதினேழு விருந்தாளிகள் வந்து சேர்கிறார்கள்.

கதைக்கு ஓர் அட்டை, அறிவு நூலுக்கு ஓர் அட்டை என்ற வேறுபாடு அங்கே இல்லை. விலையிலும் வேறுபாடு இல்லை. விக்டர் ஹியூகோவும் ஐந்து சென்ட். மின்சாரமும் ஐந்து சென்ட். விடுகதைத் தொகுப்பும் ஐந்து சென்ட். இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று விலை சொல்லவில்லை, அட்டையும் சொல்லவில்லை. எதை எடுப்பது என்பது எடுப்பவர் பாடு.

1928ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடிப் படிகள் விற்றுவிட்டன என்று அவர் அறிவித்தார். மொத்தத்தில் முப்பது கோடிக்குக் குறையாது என்பது பின்னர் கணக்கிட்டவர்கள் கருத்து. தலைப்புகள் ஏறத்தாழ இரண்டாயிரம்.

*

தம் விற்பனைக் கணக்கையே அவர் 1928இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். ஆண்டுக்குப் பதினாயிரம் படி விற்காத நூலைக் கைவிடுவதற்கு முன்னால் 'மருத்துவமனை'க்கு அனுப்புவது அவர் வழக்கம். அது நகையாகச் சூட்டிய பெயர். அங்கே நடக்கும் சிகிச்சை, நூலின் தலைப்பை மாற்றுவது. உள்ளே உள்ள எழுத்தைத் தொடமாட்டார். பெயரை மட்டும் மாற்றுவார்.

ஷோபன்ஹவர் எழுதிய 'வாதக் கலை' தூங்கிக் கிடந்தது. 'பகுத்தறிவோடு வாதாடுவது எப்படி?' என்று பெயர் மாறியதும் ஆயிரக்கணக்கில் கிளம்பியது. பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியேயின் கதை ஒன்று, 'பொற்கம்பளி' என்ற பெயரில் 1925இல் 6,000 படிதான் போயிற்று. 'பொன்னிறக் கூந்தலாளைத் தேடி' என்று பொருள்படும் கவர்ச்சியான பெயரைச் சூட்டினார்; அடுத்த ஆண்டு 50,000! இலக்கியவாதிகள் கொதித்தெழுந்தனர். கொச்சை, மலிவு, ஏமாற்று என்றனர்.

நாமும் முதலில் முகம் சுளித்தோம். பிறகு கதையை எடுத்துப் பார்த்தோம். ஓவியங்களிலே கண்ட பொன்னிறக் கூந்தல் அழகியை நேரிலே காணவேண்டும் என்று ஓர் இளைஞன் பெல்ஜியத்துக்குப் புறப்பட்டுப் போகிற கதை அது! அவர் சூட்டிய பெயர்தான் கதையின் உள்ளடக்கம். பழைய பெயர், கிரேக்கப் புராணம் படித்தவருக்கு மட்டும் புரியும் குறிப்பு. படித்தவர் படித்தவரைப் பார்த்துக் கண் சிமிட்டுவதற்காக வைத்த பெயரை எடுத்துவிட்டு, படிக்காதவருக்குப் புரியும் பெயரை வைத்தார். இதிலே குற்றம் எங்கே?

விக்டர் ஹியூகோவின் நாடகம் ஒன்றுக்கும் இதே சிகிச்சை நடந்தது. 'மன்னன் களிக்கிறான்' என்ற பெயரிலே 8,000 விற்றது. 'காமுக மன்னன் களிக்கிறான்' என்று ஒரே ஒரு சொல் கூடிற்று, 38,000 விற்றது. இங்கேதான் எதிர்ப்பு அதிகம். காமுகத்தைக் காட்டிக் காசு பறிக்கிறான் என்றார்கள்.

அந்த முப்பத்தெட்டாயிரம் பேருக்குக் கிடைத்தது என்ன? பிரான்சு நாட்டு மன்னன் முதலாம் பிரான்சிஸ் பிறர் மனைவியரையும் மகளிரையும் சூறையாடுகிறான். அவனைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறான் கூனன் ஒருவன். மகளை இழந்து கதறும் தந்தையைக்கூட அந்தக் கூனன் கேலி செய்கிறான். ஒரு நாள் அவன் மகளே மன்னன் கையில் சிக்குகிறாள். கடைசிக் காட்சியிலே, சாக்கு மூட்டைக்குள் மன்னனின் பிணம் இருக்கிறதென்று எண்ணித் திறந்த தந்தையின் கண்முன் தன் மகள் கிடக்கிறாள். 1832 நவம்பரிலே பாரிசில் ஒரே ஓர் இரவு நடந்தது இந்நாடகம். மறுநாள் அரசு தடை விதித்துவிட்டது. அரை நூற்றாண்டு காலம் அந்நகரத்து மேடை அதை மறுபடி காணவில்லை. மன்னனைக் காமுகன் என்று காட்டியதற்காக மன்னராட்சி தடை செய்த நாடகத்துக்கு, 'காமுக மன்னன்' என்று பெயரிட்டது பொய்யா? காமத்தைத் தேடிப் பென்சிலால் எண்ணைக் குறித்த இளைஞன், தபால் கட்டைப் பிரித்தபோது கண்டது ஒரு தந்தையின் அழுகையை. ஏமாந்தான் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

எல்லாத் தலைப்பும் இப்படி நேர்மையானவை என்று வாதாட நாம் முன்வரவில்லை. வெறும் பரபரப்புக்கென்றே எழுதி வாங்கிய நூல்களும் அந்தப் பட்டியலிலே உண்டு. பெரிய நூல்களைப் பக்கக் கணக்குக்காகக் குறுக்கியதும் உண்டு. குறுக்கியதிலே குருதி சிந்திய இடங்களும் உண்டு. வணிகர் அவர், துறவியல்ல.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நியூயார்க் நகரிலே தொழிலாளர் கோயில் என்று பெயர் பெற்ற கட்டடத்தின் வழியே போய்க்கொண்டிருந்தார் ஜூலியஸ். பிளேட்டோவைப் பற்றிச் சொற்பொழிவு என்று வெளியே அறிவிப்பு. உள்ளே நுழைந்து கேட்டார். பேசியவர் வில் டூரண்ட் என்னும் ஆசிரியர். ஊர் திரும்பியதும், அந்தப் பேச்சை நீலச் சிறுநூலாக எழுதித் தரும்படி கடிதம் போட்டார். நேரம் இல்லை என்று மறுத்துவிட்டார் டூரண்ட். அடுத்த கடிதத்திலே முன்பணம் வந்தது! ஆசிரியர் சம்பளத்திலே வாழ்பவரால் அதை மறுக்க முடியவில்லை. பிளேட்டோ எழுதப்பட்டார். பிறகு அரிஸ்டாட்டில். பதினோரு சிறுநூல்கள் இப்படி வந்தன. அவற்றைத் தொகுத்து 1926இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டதுதான் உலகப் புகழ் பெற்ற 'தத்துவத்தின் கதை'. அந்த வருவாயைக் கொண்டுதான் டூரண்ட் ஆசிரியர் வேலையை விட்டு, மனித நாகரிகத்தின் வரலாற்றைப் பதினொரு தொகுதிகளாக எழுத முடிந்தது. 1930இல் இந்தியாவைக் காண வந்து, பிரிட்டிஷ் ஆட்சி இங்கே செய்த கொடுமையைக் கண்டு கொதித்து, இந்தியாவின் சார்பிலே வழக்குரைக்கும் நூலொன்றை எழுதியவரும் அவரே.

தத்துவத்தின் கதை! அந்தப் பெயரைக் கவனியுங்கள். தத்துவமும் உண்டு, கதையும் உண்டு. ஐந்து சென்ட் வாசகருக்கு எழுதிப் பழகிய கைக்கு, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

சுதந்திரச் சிந்தனைக்கு அந்த நீல வரிசையிலே சிறப்பான இடம் இருந்தது. இங்கர்சால் இருந்தார், வால்டேர் இருந்தார், வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ இருந்தார். பிரான்சிஸ்கன் மடத்துத் துறவியாக இருந்து, 1896இல் காவியைக் களைவது போல் அங்கியைக் களைந்து வெளியேறிய ஜோசப் மக்கேப் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுநூல்கள் எழுதினார். 1927 மார்ச்சு 6ஆம் நாள் இலண்டன் பாட்டர்சி நகர மண்டபத்திலே பெர்ட்ரண்டு ரசல் ஆற்றிய, 'நான் ஏன் கிறித்தவனல்ல?' என்னும் சொற்பொழிவும் நீல அட்டை போட்டுக்கொண்டு அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. விடுகதைத் தொகுப்புக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவிலே அது நுழைந்தது என்பதுதான் வேடிக்கை. தனியாக வந்திருந்தால் பல வீடுகளின் கதவு திறந்திருக்காது.

பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய அறிவு வேண்டும் என்று மார்கரெட் சாங்கர் எழுதியதைத் தபால் இலாகா 1913இல் தடுத்தது. அவ்வாரம் அந்த ஏடு, தலைப்பை மட்டும் அச்சிட்டு, 'தபால் இலாகாவின் ஆணைப்படி, ஒன்றுமில்லை' என்று கீழே போட்டு இடத்தை வெறுமையாக விட்டது. அதே எழுத்துக்கள் பின்னர் 14ஆம் எண்ணுள்ள நீலச் சிறுநூலாயின. மார்செட் அம்மையாரும் எழுதினார். 1927இல் லிட்டில் ராக் நகரிலே ஜான் கார்ட்டர் என்னும் கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்று, தெருத்தெருவாக இழுத்துச் சென்று, நடுவீதியிலே எரித்தது. அந்தக் கொடுமையை ஒரு சிறுநூலாக்கினார். காதல் கதை கேட்ட கட்டுக்குள்ளே இதுவும் சென்றது.

*

யார் படித்தார்கள்? பதினைந்து வயதிலே பள்ளியை விட்டு, சரக்கு இரயில்களிலே திருட்டுத்தனமாக ஏறி, ஊர் ஊராக வேலை தேடி அலைந்தவர் லூயி லமூர். பிற்காலத்திலே பெரும் புகழ் பெற்ற கதாசிரியர். அந்த அலைச்சலின்போது சரக்கு இரயிலிலேதான் முதன் முதலாக நீலச் சிறுநூலைக் கண்டதாக அவர் தம் வரலாற்றிலே எழுதியிருக்கிறார். நாடோடித் தொழிலாளர் தங்களுக்குள் அவற்றைக் கைமாற்றிக் கொள்வார்களாம். சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு என்று சிறுவன் ஜூலியஸ் கண்ட கனவு, கிழிந்த சட்டையின் பைக்கும் பொருந்திற்று.

முடிவு இனிமையானதல்ல. 1939க்குப் பிறகு, 25 சென்ட் விலையில் முழு நூல்களைத் தரும் பதிப்பகங்கள் பெருகின. 1948இல், அமெரிக்க உளவுத்துறையையும் அதன் தலைவர் ஹூவரையும் கண்டிக்கும் நூலொன்றை ஜூலியஸ் வெளியிட்டார். உளவுத்துறையின் பார்வை ஜிரார்டு பக்கம் திரும்பியது. வருமான வரி வழக்கு வந்தது. 1951இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மேல்முறையீட்டுக்குக் காத்திருந்த வேளையில், ஜூலை 31ஆம் நாள் தம் வீட்டு நீச்சல் குளத்திலே மூழ்கி இறந்து கிடந்தார். மகன் சில காலம் தொழிலை நடத்தினார். 1978 ஜூலை 4ஆம் நாள், அமெரிக்க விடுதலை விழா நாளிலே, அச்சகக் கட்டடம் தீப்பற்றி எரிந்து போயிற்று.

நீலச் சிறுநூல்கள் பரபரப்பாக விற்ற அதே காலத்திலே, நம் சென்னையிலும் ஒருவர் நூலையும் வாசகரையும் சேர்த்து வைக்கும் வழியை ஆராய்ந்து கொண்டிருந்தார். சீர்காழியிலே பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய சீ. இரா. அரங்கநாதன். அவர் வகுத்து 1931இல் நூலாக வந்த நூலக விதிகள் ஐந்திலே ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும் என்பது. ஜிரார்டு வணிகரின் 'மருத்துவமனை' தேடியதும் அதைத்தானே! ஒருவர் கணித ஆசிரியராயிருந்து நூலகரானவர், மற்றவர் விற்பனைக்காரர். கேட்ட கேள்வி ஒன்று.

ரசலின் அந்தச் சொற்பொழிவு தமிழிலும் மலிவு விலைச் சிறுநூலாக வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. நம் நாட்டிலே சிறுநூலுக்கு விலை மட்டுமா உண்டு? சிறையும் உண்டு. பகத்சிங் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' தமிழாகி வந்தபோது, மொழிபெயர்த்த ப. ஜீவானந்தமும் வெளியிட்ட ஈ. வெ. கிருஷ்ணசாமியும் 1935இல் கைது செய்யப்பட்டனர். சில அணா விலையுள்ள ஏட்டைக் கண்டு ஆட்சி அஞ்சிற்று.

*

சச்சரவு நடந்த படிப்பகத்துக்கு வருவோம். வரலாற்றைக் கேட்டு முடித்ததும், இரு கட்சியாரும் தத்தம் கட்சிக்கே வெற்றி என்றார்கள்! கதைக் கட்சியார் ஹியூகோவைக் காட்டினர். அறிவுக் கட்சியார் டூரண்டைக் காட்டினர். மறுபடி வாக்குவாதம் மூளும் போலிருந்தது. கடைசியிலே படிப்பகச் செயலாளர் ஒரு வழி சொன்னார். நானூறு நூல்களின் பெயர்களை, கதை எது, கட்டுரை எது என்ற பிரிவின்றி எண்ணிட்டு, பெரிய தாளிலே எழுதிச் சுவரில் ஒட்டுவது. உறுப்பினர் ஒவ்வொருவரும் இருபது எண்களைச் சீட்டிலே எழுதிப் பெட்டியில் போடுவது. அதிகம் பேர் கேட்டவற்றை வாங்குவது.

ஒரு கிழமை கழித்துப் பெட்டியைத் திறந்தோம். நெசவாளத் தோழர் ஒருவர், மூன்று கதைகளுக்கு நடுவிலே, பூகம்பம் ஏன் வருகிறது என்ற நூலையும் குறித்திருந்தார். சீட்டுக்களிலே பெயர் எழுதவேண்டாம் என்று சொல்லியிருந்தும் பலர் எழுதியிருந்தனர். கதை எதற்கு என்று கேட்ட தோழரும் எழுதியிருந்தார். அவர் சீட்டிலே கதைகள் ஏழு.

எண்ணியவர்கள் அதை அவரிடம் சொல்லவில்லை.